ஆர் எழுதித் தந்தது?

தொலைக்கல்விக் கந்தோரிலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தாள். நான் வெங்காயத்துக்குள் புல்லுப் பிடுங்கிக்கொண்டு நின்றேன். கையெல்லாம் மண். தோளால் போனைக் காதோடு அமத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, வயது வந்த ஆக்கள் ஏன் எங்களிட்டைப் படிக்க வருகினம் எண்டு ஒரு ஆய்வு செய்யிறம். உங்களைப் படிக்கத் தூண்டினது என்ன?"

"விளங்கேல்லைப் பிள்ளை."

"ஏன் படிக்கிறியள்?"

"சும்மா."

"சும்மா எண்டு போடேலாது ஐயா. நான் ஒவ்வொண்டா வாசிக்கிறன். ஓம், இல்லை எண்டு சொல்லுங்கோ, காணும். வேலை வாய்ப்பு?"

"இல்லை."

"பதவி உயர்வு?"

"நான் தோட்டம் செய்யிறனான்."

"பிள்ளையளின்ரை படிப்புக்கு உதவி செய்ய?"

"பிள்ளை என்னைவிடக் கூடப் படிச்சிட்டுது."

"சுயதிருப்தி?"

"அதென்ன?"

"மனதுக்குச் சந்தோசம் ஐயா."

"இல்லை."

"அப்ப மற்றவை எண்டு போடுறன். மற்றவை எண்டால் என்னெண்டு விளக்கம் சொல்லோணும்."

"கோபம் எண்டு போடுங்கோ."

சிரித்துவிட்டாள். "ஆரிலை ஐயா கோபம்?"

"அது உங்கடை பேப்பரிலை கொள்ளாது" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அவளில் பிழை இல்லை. அவளுக்கு அது வேலை. ஆனால் கேட்ட கேள்வி பிறகும் காதுக்குள் நின்றது. ஒழுங்கான பதில் இதுதான்.

நான் சண்டிலிப்பாயில் பிறந்தவன். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. யுத்தத்தில் ஊரெல்லாம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனோம். திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. எனக்குத் தகப்பன் இல்லை. தோட்டத்துக்குள் இறங்கினேன். இதில் சொல்ல ஒன்றும் இல்லை. என் வயதில் பாதிப் பேருக்கு இதே கதைதான்.

எழுத்துக் கூட்டி வாசிப்பேன். பஸ் போர்டு, மருந்துப் போத்தல், விதைப் பைக்கற்று. நாலு வரி தாண்டினால் முதல் வரி மறந்துபோகும். எழுதுவதென்றால் கையெழுத்து மட்டும். அதற்காக வெட்கப்பட்டதில்லை. வெங்காயம் என்னிடம் கடிதம் கேட்கவில்லை.

எங்கள் தோட்டத்துக்குப் பங்குக் கிணறு. மூன்று பங்கு. ஒன்று எங்களுடையது. ஒன்று பெரியப்பா வீட்டுடையது. மூன்றாவது பங்குக்காரர் கனடாவில். அதையும் பெரியப்பாவின் மகன்தான் பார்க்கிறார். அவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். நல்ல எழுத்து. ஊரில் யாருக்கு மனு எழுதவேண்டும் என்றாலும் அவரிடம்தான் போவார்கள். கலியாணத்தில் வாழ்த்துப்பா வாசிப்பவரும் அவர்தான். செத்த வீட்டில் அறிவித்தல் எழுதுபவரும் அவர்தான். கந்தோர், வங்கி, ஆசுப்பத்திரி எங்கே போனாலும், "நீ இரு, நான் கதைக்கிறன்" என்பார். நானும் இருந்துகொள்வேன். கூட வருகிறாரே என்று நினைத்தேன்.

இந்தக் கிணறு வெட்டியபோது நான் பிறக்கவில்லை. எங்கள் பக்கம் கொஞ்சம் கிண்டினால் கல் வந்துவிடும். சுண்ணாம்புக் கல். அலவாங்கால் உடைத்து, கடகத்தில் அள்ளி, தலையில் வைத்து மேலே ஏற்றவேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள் என்று கதைத்துக்கொண்டார்கள். எந்த வீடு ஆள் தந்ததோ அந்த வீட்டுக்குத் தண்ணீர் முறை. பெரியப்பா கூலிக்கு ஆள் பிடித்து விட்டார். எங்கள் ஐயாவுக்கு, என் தகப்பனுக்கு, அப்போதே நெஞ்சு வருத்தம். அம்மா போனார். நான் அப்போது வயிற்றில்.

அம்மாவின் உச்சியில் ஒரு இடத்தில் மயிர் இல்லை. ரூபாய்க் காசுக் குத்தி அளவு. கடகம் இருந்த இடம். கல் அழுத்தி, வேர்வை வடிந்து வெந்த தோல். பிறகு அங்கே ஒன்றும் முளைக்கவில்லை. முந்தானையால் மூடிக்கொண்டுதான் வெளியே போவார். செத்த அன்று தலைக்கு எண்ணெய் வைத்தபோது என் விரல் அந்த இடத்தில் பட்டது. வழுவழுப்பாக இருந்தது.

எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அண்ணை வந்தார்.

"அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கோணும். அச்சுக்காரன் நாள் கேக்கிறான்."

எங்கள் ஊர்களில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றைக்கு வருகிற சனத்துக்குச் சோறும் கொடுத்து, செத்தவரின் படம் போட்ட ஒரு சிறு புத்தகமும் கொடுப்போம். அதுதான் கல்வெட்டு. தேவாரம் இருக்கும். வம்ச வரலாறு இருக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் அழுது எழுதியிருப்பார்கள். அது வீட்டு அலுமாரிகளில் வருசக்கணக்காகக் கிடக்கும்.

"மகன் எண்ட முறையிலை நீ ஒரு பக்கம் எழுதோணும்" என்றார் அண்ணை. "உன்னாலை ஏலாது. நானே எழுதிவிடுறன். கீழை உன்ரை பேரைப் போடுவம்."

"ஓம் அண்ணை. அம்மா கல்லுச் சுமந்ததைப் போடுங்கோ."

"எல்லாம் போடுறன். நீ பந்தலைப் பார்."

பந்தலைப் பார்த்தேன்.

அந்தியேட்டி அன்று காலை கிரியை செய்யக் கீரிமலைக் கடற்கரைக்குப் போய்வந்தோம். வீட்டில் சனம். பந்தி வைக்கமுதல் அண்ணை மைக்கைப் பிடித்துக் கல்வெட்டை வாசித்தார். நல்ல குரல். நான் தட்டத்தில் கல்வெட்டுகளை அடுக்கிக்கொண்டு படலையடியில் நின்றேன். வருகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்து, அன்னாரின் ஏக புதல்வனின் இதயக் குமுறல்" என்றார்.

காதைக் கொடுத்தேன். என்னுடைய குமுறல் என்னவென்று எனக்கே அப்போதுதான் தெரியவந்தது.

"என்னைப் பெற்ற தாயே! பெரியப்பா அவர்கள் பேரன்பினால் மனமுவந்து எமக்களித்த கிணற்றுப் பங்கன்றோ எம் வாழ்வின் ஊற்று! அவர்தம் குடும்பத்தாரின் ஆதரவு நிழலில் குறையேதுமின்றி வாழ்ந்தாயே! அந்த நன்றிக்கடனை நான் எங்ஙனம் தீர்ப்பேன்!"

தட்டம் கையில் நின்றது. கல்லைப் பற்றி ஒன்றும் இல்லை. கடகம் இல்லை. அளித்தார்களாம். மனமுவந்து.

என் மனிசி சோற்றுக் கிடாரத்தடியிலிருந்து வந்தாள். அகப்பை கையில்.

"உதை நீங்களே சொன்னனீங்கள்?"

"இல்லை."

"அப்ப போய் இல்லையெண்டு சொல்லுங்கோவன்."

சனம் பாயில் இருந்துவிட்டது. இலை போட்டாயிற்று. சின்னம்மா ஒருவர் எழும்பி வந்து என் முதுகில் தட்டினார். "நல்லாச் சொல்லியிருக்கிறாய் மோனை. நன்றி மறக்கேல்லை."

அந்தத் தட்டு இன்றைக்கும் முதுகில் இருக்கிறது.

சனம் போனபிறகு கல்வெட்டை எடுத்துக்கொண்டு இருந்தேன். என் பக்கத்தை விரல் வைத்து வாசித்தேன். ஒரு கிழமை பிடித்தது. 'எங்ஙனம்' என்ற சொல்லை மட்டும் இரண்டு நாளாய்க் கூட்டினேன். அந்தப் பக்கத்தில் எனக்கு உடனே வாசிக்க முடிந்தது கீழே இருந்த என் பெயர் ஒன்றுதான்.

அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, அம்மா கல்லுச் சுமந்தது வரேல்லை."

"உதெல்லாம் கல்வெட்டிலை போடுறேல்லையடா. கூலி வேலை செய்தவ எண்டு வாசிக்கிற சனம் நினைக்குமல்லே. உங்கடை மானத்தைத்தான் காப்பாத்தினனான்."

"பெரியப்பு தந்தவர் எண்டு கிடக்கு."

"அது ஒரு மரியாதைக்கு."

"எனக்கு அது தெரியாது."

"உனக்குத்தான் ஒண்டும் தெரியாதே. போய் இறைக்கிற அலுவலைப் பார்."

சங்கக்கடைச் சுவரில் ஒரு நோட்டிஸ் ஒட்டியிருந்தது. பாடசாலையை இடையில் விட்டவர்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம், வயதெல்லை இல்லை என்று. புத்தகம் தபாலில் வரும். சனிக்கிழமை எட்டிலிருந்து பத்துவரை போனில் வகுப்பு. பதினோராம் வகுப்புக்காரர் எடுக்கிற சாதாரண தரப் பரீட்சைக்கு அவர்களே விண்ணப்பம் போடுவார்கள். வகுப்புக்கு ஒழுங்காக வராதவர்களுக்குப் போடமாட்டார்கள். அதை நானே கூட்டி வாசித்தேன். அன்றைக்கே பெயர் கொடுத்தேன். மகளுக்குக் கொழும்பில் வேலை. எதை அமத்த வேண்டும், எதை அமத்தக் கூடாது என்று போனிலேயே சொல்லித் தந்தாள்.

"அப்பா, சிவப்புக் கோடு போட்ட மைக் தெரியுதே? கோடு இருந்தால் நீங்கள் கதைக்கிறது ஒருத்தருக்கும் கேக்காது. கோடு இல்லையெண்டால் எல்லாருக்கும் கேக்கும். கவனம்."

வகுப்பில் எல்லோரும் என்னைப் போன்றவர்கள். வாத்தியார் எங்களைவிட இளையவர். அண்ணை, அக்கா என்றுதான் கூப்பிடுவார். புத்தூரில் ஒருவர் பஸ் கொண்டக்டர். பஸ் நிற்கிற இடத்திலிருந்து வகுப்புக்கு வருவார். குருநகரில் ஓர் அக்கா. மீன் விற்கிறவர். அவருக்கு மைக்கை மூடத் தெரியாது. தெரிந்தாலும் மூடமாட்டார். வகுப்பு நடக்கும்போதே, "சூடை முடிஞ்சுது பிள்ளை, சீலா கிடக்கு" என்று வியாபாரமும் நடக்கும்.

ஒருநாள் வாத்தியார் அவரிடம் கேட்டார், ஏன் படிக்க வந்தீர்கள் என்று.

"மாதா கோயில் பூசையிலை பைபிள் வாசகம் வாசிக்கோணும் சேர். முப்பது வருசமாக் கோயிலுக்குப் போறன். நானும் வாசிக்கட்டோ எண்டு கேட்டன். நீங்கள் பூக் கொண்டு வாங்கோ அக்கா, அது காணும் எண்டுதுகள். பூவை ஆரும் கொண்டு வருவினம். நான் அந்த மைக்குக்கு முன்னாலை நிண்டு வாசிச்சுப்போட்டுத்தான் சாவன்."

எனக்கு அந்த மனிசியை அன்றைக்கே பிடித்துப்போயிற்று.

நான் படிக்கிற கதை ஊருக்குள் போனது. அண்ணைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் ஆட்கள் நடுவில் வைத்துக் கேட்பார்.

"என்னடா, எப்ப கம்பசுக்குப் போறாய்?"

"போகேக்கை சொல்லுறன் அண்ணை."

"பள்ளிக்கூடச் சட்டை தைச்சாச்சோ? அரைக் காற்சட்டையோ, முழுசோ?"

சனம் சிரிக்கும். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிவிடுவேன். சிரிப்புக்கு எனக்குக் கோபம் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பார். ஏன் படிக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அதுதான் கோபம்.

எங்களுக்குச் செவ்வாயும் சனியும் முறை. கிணற்றில் ஒரு பழைய ஒழுங்கு இருக்கிறது. முறைக்காரன் காலை எட்டு மணிக்குள் இறைக்கிற மெசினை வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அன்றைய தண்ணி அடுத்தவனுக்கு. வைத்தபிறகும் பாத்திக்குப் பாத்தி தண்ணியைத் திருப்பிவிட ஆள் நிற்க வேண்டும். சனிக்கிழமை எட்டு மணிக்கு எனக்கு வகுப்பு. அண்ணையிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணை, சனியை வெள்ளிக்கு மாத்துவமோ? உங்களிட்டை ரெண்டு பங்கு கிடக்குதானே."

"ஏலாது."

"ஏன்?"

"முறை முறைதான். எங்கடை அப்பு வைச்ச ஒழுங்கு. உன்ரை படிப்புக்காண்டி மாத்துறதோ?"

மனிசி சொன்னாள், "நீங்கள் மெசினை வைச்சுப்போட்டுப் போங்கோ. தண்ணி நான் மாறுறன். ஆனால் பாஸ் பண்ணாட்டி வீட்டுப் பக்கம் வரப்படாது." அப்படியே நடந்தது. ஏழரைக்கு மெசினை வைப்பேன். அவள் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுவாள். நான் தோட்டத்தின் மறு கரையில், புகையிலை போடுகிற கொட்டிலுக்குள் போனோடு இருப்பேன். மெசின் சத்தம் அங்கே குறைவு.

ஒரு சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். எழும்ப ஏலவில்லை. நான் ஏழரைக்கு மெசினை வைத்தேன். போனைச் சட்டைப் பையில் போட்டேன். சத்தத்தைக் கூட்டிவிட்டேன். தண்ணியும் மாறிக்கொண்டு வகுப்பும் கேட்டேன். வாத்தியார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மைக்கின் கோட்டை எடுத்துவிட்டுப் பதில் சொன்னேன். திரும்பக் கோடு போட மறந்துபோனேன். கையில் மண்வெட்டி.

நாலு பாத்திதான் ஆகியிருக்கும். வாய்க்காலில் தண்ணி இளைத்தது. பிறகு நின்றது. மெசின் சத்தமும் இல்லை.

கிணற்றடிக்கு ஓடினேன். அண்ணை நின்றார். என் மெசினை நிற்பாட்டி, என் குழாயை வெளியே இழுத்துப் போட்டிருந்தார். தன்னுடைய குழாயைக் கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"மெசினடியிலை ஆள் இல்லை. ஆளில்லாத முறை முறையில்லை."

"எட்டுக்கு முதல் வைச்சனான். உங்கை பாத்திக்கைதான் நிண்டனான்."

"நிண்டு? போனிலை அரிவரி படிச்சுக்கொண்டு நிண்டனீ. தோட்டக்காரனெண்டால் தோட்டத்தைப் பார். பள்ளிக்கூடம் போறதெண்டால் தண்ணியை விடு."

"இண்டைக்கு என்ரை முறை. குழாயை எடுங்கோ."

"உன்ரை முறையோ? ஆர் தந்த முறை? எங்கடை அப்பு தந்தது. நான் சொல்லேல்லை, நீயே எழுதியிருக்கிறாய். மனமுவந்து அளித்த கிணற்றுப் பங்கு எண்டு கிடக்கு. கீழை ஆற்றை பேர்? ஊரிலை எல்லா வீட்டு அலுமாரியிலையும் கிடக்கு. கொண்டுபோய் விதானையாரிட்டைக் காட்டட்டோ? தந்தவன் எடுக்கலாம். கிணத்தடிக்கு வழியும் எங்கடை காணியாலைதான். நாளைக்கு வேலியை அடைச்சால் என்ன செய்வாய்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மரியாதைக்கு எழுதினாரோ, இதற்காகவே எழுதினாரோ தெரியாது. எழுதிவைத்தது அவருக்கு உதவுகிறது. என் பெயரில், என் தாயின் படத்துக்குப் பக்கத்தில்.

"அது என்ரை சொல்லில்லை" என்றேன். என் குரல் எனக்கே புதிது. "என்ரை அம்மா வயித்திலை என்னை வைச்சுக்கொண்டு இந்தக் கிணத்துக் கல்லைத் தலையிலை சுமந்தவ. உங்கடை வீட்டிலையிருந்து ஒருத்தரும் சுமக்கேல்லை. கூலிக்கு விட்டனீங்கள். அவவின்ரை உச்சி வெந்தது. அதுதான் பங்கு. நீங்கள் அவவைப் பிச்சைக்காரி ஆக்கி, அதுக்குக் கீழை என்ரை பேரைப் போட்டிருக்கிறியள்."

அண்ணை வாயைத் திறந்தார். அவர் கதைக்கமுதல் என் நெஞ்சிலிருந்து ஒரு பெண் குரல் கதைத்தது.

"ஆர் உந்தாள்? வகுப்புக்குப் பேர் குடுத்தவரோ?"

குருநகர் அக்கா. சட்டைப் பைக்குள்ளிருந்து.

அண்ணை அங்குமிங்கும் பார்த்தார். "ஆரது?"

"நாங்கள்தான், ஐயா. எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறம். வாத்தியாரும் கேக்கிறார். அந்த மனிசி சுமந்த கல்லிலை கட்டின கிணத்திலை தண்ணி அள்ளிக் குடிச்சுப்போட்டு இப்பிடிக் கதைக்க உமக்கு வாய் கூசேல்லையே? இஞ்சை மீன் சந்தையிலை வந்து உப்பிடிக் கதைச்சுப் பாரும். செதிலெடுத்து விட்டிடுவம்."

"அக்கா, அக்கா" என்று வாத்தியாரின் குரல். "கொஞ்சம் பொறுங்கோ அக்கா."

"நீங்கள் பொறுங்கோ சேர். தமிழ்ப் பாடம்தானே. இதுவும் தமிழ்தான்."

புத்தூர்க்காரர் சிரிக்கிற சத்தம் கேட்டது. பஸ் ஹோனும் அடித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணையின் குழாயைக் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்தேன். எறியவில்லை. வரம்பில் வைத்தேன். என் குழாயை இறக்கினேன். மெசினை இழுத்தேன். பிடித்தது. அண்ணை என்னவோ கத்தினார். சத்தத்தில் கேட்கவில்லை. கேட்கவும் விருப்பமில்லை.

மற்றக் கிழமை வாத்தியார் எல்லோருக்கும் ஒரு வேலை தந்தார். வீட்டில் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும். பெரிய சொல் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள் என்றார். ஏன் அதைத் தந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மாவின் ஆண்டுத் திவசம் வர இருந்தது. மனிசியிடம் சொன்னேன், "இந்த முறை நான் எழுதுறன்."

"அண்ணை கேக்கப்போறார்."

"கேக்கட்டும்."

எழுதினேன். கிழித்தேன். பேனை பிடித்தால் எனக்கு மண்வெட்டி பிடித்ததைவிட உள்ளங்கை நோகும். வாத்தியாருக்குப் போனில் படமெடுத்து அனுப்பினேன். அவர் எழுத்துப் பிழைகளுக்கு வட்டம் போட்டு அனுப்பினார். சொல் ஒன்றையும் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் நான் அந்தத் தாளையும் கிழித்திருப்பேன். ஒரு ஒற்றைத் தாளில் அடிப்பித்தேன். அச்சுக்காரர் கேட்டார், "உவ்வளவுதானோ? மேலை ஒரு தேவாரம் போடட்டே?" வேண்டாம் என்றேன்.

தாளில் இருந்தது இதுதான்:

எனது அம்மா இறந்து ஒரு வருடம். எங்கள் பங்குக் கிணறு வெட்டியபோது வீட்டுக்கு ஓர் ஆள் வேலைக்குப் போக வேண்டும் என்று பேச்சு. எங்கள் வீட்டிலிருந்து அம்மா போனார். நான் வயிற்றில் இருந்தேன். அம்மா கடகத்தில் கல் சுமந்தார். உச்சியில் அந்த இடத்தில் சாகும்வரை மயிர் முளைக்கவில்லை. கிணற்றுப் பங்கு அதற்குக் கூலி. யாரும் தந்தது அல்ல. போன வருடம் என் பெயரில் வந்தது நான் எழுதியது அல்ல. இது நான் எழுதியது.

கல்வெட்டுப் போன வீடெல்லாம் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதுகில் தட்டிய சின்னம்மா வீட்டுக்கும் போனேன். அவர் வாசித்தார். என்னைப் பார்த்தார்.

"ஆர் மோனை எழுதித் தந்தது?"

"நான்தான் சின்னம்மா."

"சும்மா சொல்லாதை. மகளே எழுதினது?"

அடுத்த வீட்டிலும் அதே கேள்வி. அதற்கடுத்த வீட்டிலும். அம்மா கல் சுமந்ததை ஒருவரும் மறுக்கவில்லை. வயது போனவர்கள் சிலர் ஓம், ஓம், கண்டனாங்கள் என்றார்கள். போன வருடம் அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. இப்போது நான் எழுதினேன் என்பதை நம்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை. 'எங்ஙனம்' என்று நான் எழுதியதாக வந்தபோது நம்பிய சனம் இது. 'கல் சுமந்தார்' என்று எழுதியதை நம்பவில்லை.

அண்ணை, ஊருக்கு அரசாங்க அதிகாரியான விதானையாரிடம் போனார். கல்வெட்டும் கொண்டுபோனார். என்னையும் வரச் சொன்னார்கள். விதானையார் கல்வெட்டையும் என் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார்.

"உங்கடை பேரிலை ரெண்டு கதை கிடக்கு. உங்கடை கதை எது?"

"சின்னது."

"இது ஆர் எழுதித் தந்தது?"

"ஐயா, ஒரு பேப்பரும் பேனையும் தாங்கோ" என்றேன்.

தந்தார். மேசையில் குனிந்து எழுதினேன். நேரம் எடுத்தது. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தாளில் இருந்ததை, பார்க்காமல், முதலிலிருந்து எழுதி விதானையாரிடம் தள்ளினேன். அவர் எடுத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

அண்ணை கதிரையில் சாய்ந்தார். "உது பாடமாக்கினது" என்றார். "ஆரோ எழுதிக் குடுத்ததைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறான். உவனை எனக்குத் தெரியாதோ?"

விதானையார் கல்வெட்டையும் அச்சுத் தாளையும் எடுத்து எங்களிடம் ஆளுக்கொன்றாகத் தந்தார். "முறை இருந்தபடி இருக்கட்டும். வழியை அடைக்கப்படாது. மிச்சம் வேணுமெண்டால் கோட்டிலை வழக்குப் போடுங்கோ" என்றார். எனக்குத் தந்தது கல்வெட்டு. மாற்றிக் கேட்டு என்னுடையதை வாங்கினேன்.

வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். அண்ணையும் வந்தார்.

"உவ்வளவு சுருக்கமாவோ ஒரு தாயைப் பற்றி எழுதுறது? நானெண்டால் கொஞ்சம் கூட்டியிருப்பன்."

"ஓம் அண்ணை. நீங்கள் கூட்டுவியள்."

அவ்வளவுதான் கதைத்தோம். அதற்குப் பிறகு கதைக்கவில்லை. வேலி அடைக்கவில்லை. செவ்வாயும் சனியும் இறைக்கிறேன். தண்ணிக்குச் சண்டை முடிந்தது. கோபம் முடியவில்லை. 'பாடமாக்கினது' என்ற அந்தச் சொல் முதுகில் தட்டியதைவிட ஆழமாக உள்ளே இறங்கிவிட்டது.

எழுத வேண்டியதை எழுதியாயிற்று, இனி ஏன் படிப்போடை கிடந்து மாரடிக்கிறியள் என்று மனிசி கேட்டாள். கணக்கு எனக்கு வரவே வராது. வரலாற்றில் ராசாக்கள் எல்லோரும் ஒருவர்போல இருக்கிறார்கள். வாத்தியார் பரீட்சை விண்ணப்பம் போட்டுவிட்டதாகச் சொன்ன அன்றுதான் அவளுக்குப் பதில் சொன்னேன்.

பரீட்சை மண்டபத்தில் அடையாள அட்டை பார்த்துத்தான் உள்ளே விடுவார்களாம். முகத்தையும் படத்தையும் ஒத்துப் பார்ப்பார்களாம். பக்கத்தில் ஒருவரும் இருக்க ஏலாது. என்ன கேள்வி வரும் என்று முதல் நாள் தெரியாது. அங்கே இருந்து எழுதினால், பிறகு உலகத்தில் ஒருவரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஏலாது.

மனிசி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பெயிலானால்?"

"பெயிலானாலும் நான் எழுதினதாத்தானே இருக்கும்."

"அது சரி" என்றாள். "சனிக்கிழமை தண்ணி நான் மாறுறன். போய்ப் படியுங்கோ."